வெளி பெஞ்சுக் கவுன்சிலர்

எங்கள் வார்டு கைவிட்டுப் போன அன்று காலையில் நான் கண்ணாடி முன்னால் நின்று கும்பிடு போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. மீசையை ஓரம் கத்தரித்தாகிவிட்டது. கூப்பிய கை மூக்குக்கு நேராக இருக்க வேண்டுமா, நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டுமா என்பது மட்டும்தான் பாக்கி. அப்போது ரங்கையா போன் செய்தார். பக்கத்து வார்டுக்காரர், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். போன கவுன்சிலில் அவர் மனைவி மெம்பர், இந்தத் தடவையும் நிற்கிறார்.

"தேவானந்தம், மீ வார்டு லேடீஸ்க்கி போயிந்தி" என்றார் தெலுங்கில்.

"எங்க போச்சு?"

"லேடீஸ்க்கி. ஈ சாரி ஆடவாள்ளே நிலபடாலி. பொம்பளைங்கதான் நிக்கணும்."

கூப்பிய கை கூப்பியபடியே நின்றது. கண்ணாடியில் பார்த்தால் யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

நான் பதவிக்கு அலைகிறவன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வேண்டியது பதவி இல்லை, பந்தல். எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அதில் டென்ட் ஹவுஸ் என்றால் நான்தான். ஷாமியானா, நாற்காலி, மேஜை, அண்டா, மைக் செட், எல்லாம் நம்மிடம். இந்துக்கள் வீட்டுக் கல்யாணமா, எங்கள் சபையில் ஞானஸ்நான விருந்தா, யாராவது கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்களா, எதற்கும் என் பந்தல்தான். கல்யாணத்துக்கு ஜரிகை வைத்தது, சாவுக்கு ஜரிகை இல்லாதது. அவசரத்தில் இரண்டும் இடம் மாறிப் போனதும் உண்டு. சாப்பாடு நன்றாக இருந்தால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

என் பந்தல் ஏறுகிற இடம் பழைய சந்தைத் திடல். முனிசிபாலிட்டி நிலம். அந்தத் திடலில் ஒரு கம்யூனிட்டி ஹால் கட்டப் போவதாகப் பழைய கவுன்சிலர் சந்திரசேகர் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேலே ஃபேன், கீழே டைல்ஸ், பின்னால் சமையல் கட்டு. அப்படி ஒரு ஹால் வந்துவிட்டால் என் ஷாமியானாவைக் கிழித்துக் கொசுவலை தைக்க வேண்டியதுதான். அதைத் தடுக்க கவுன்சிலில் எனக்கு ஒரு கை வேண்டும். என் கை போகாவிட்டால் என்ன, வீட்டில் இன்னொரு ஜோடி கை இருக்கிறதே என்று தோன்றியது. யோசிக்க யோசிக்க அதுவே மேல் என்று பட்டது. கவுன்சிலர் என்றால் மீட்டிங்குக்குப் போக வேண்டும். கவுன்சிலர் புருஷன் என்றால் மரியாதை மட்டும் வாங்கினால் போதும்.

கிருபாபாய் அடுப்படியில் புளிச்சக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிருபா, நீ கவுன்சிலர் ஆவணும்" என்றேன்.

"எதுக்குங்க?"

"மக்கள் சேவைக்கு."

"சேவை வேணும்னு யாரு கேட்டாங்க? மக்களா, நீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு அந்த மாதிரி எடத்துல பேசத் தெரியாதேங்க."

"பேசவே வேணாம். அதுக்குத்தான் நான் கீறேன். நீ கையத் தூக்கணும், அவ்ளோதான்."

"எப்ப தூக்கறது?"

"நான் சொல்றப்ப."

"எப்ப எறக்கறது?"

"அதுவும் நான் சொல்றப்ப."

"நடுவுல?"

"நடுவுல இன்னா?"

"தூக்கறதுக்கும் எறக்கறதுக்கும் நடுவுல நான் இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. அதுக்குப் பேருதான் கவுன்சிலர்."

அவள் கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "சரிங்க. நீங்க சொன்னா சரி" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை இதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

சுயேச்சையாக நின்றோம். நாற்காலிச் சின்னம் கேட்டேன், குக்கர் கிடைத்தது. போஸ்டரில் என் முகத்தைப் பெரிதாகவும் அவள் முகத்தைத் தபால் தலை அளவிலும் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சபை பாஸ்டர், "தேவானந்தம், நிக்கறது யாரு?" என்று கேட்டார். "குடும்பமா நிக்கறோம் ஐயா" என்றேன்.

எதிர்த்து நின்றது சந்திரசேகரின் மனைவி. அவர்களிடம் ஜீப் இருந்தது. என்னிடம் மைக் செட் இருந்தது. ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் தமிழிலும் தெலுங்கிலும் முழங்கினேன். கிருபாபாய் ஆட்டோவில் ஏறவே இல்லை. வீட்டு வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். ஒரு வீட்டுக்குள் போனால் லேசில் வெளியே வர மாட்டாள்.

"ஓட்டு கேட்டியா?" என்பேன்.

"அவுங்க மருமக பாவர்லூம் தறில வேலை செய்யறாளாம். பஸ் ஏற மெயின் ரோடு வரைக்கும் வெயில்ல நடந்துக்கினு போறாளாம். பொம்பளைங்களுக்கு பஸ்சுல டிக்கெட் இல்லன்னு சொல்லிட்டாங்க. அந்த பஸ்ஸு நம்ம வார்டுக்குள்ள வந்தாத்தானே ஏறறதுக்கு?"

"ஓட்டக் கேட்டுக்கினு வான்னா, நீ பாட்டக் கேட்டுக்கினு வர்றியே."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பின்வாசலுக்குப் போய்விடுவாள்.

ஜெயித்தோம். ஜெயித்தேன் என்றுதான் அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். மாலைகளை எல்லாம் என் கழுத்தில் போட்டார்கள். கழுத்து தாங்காமல் கழற்றக் கழற்ற கிருபாபாய் வாங்கி வைத்தாள். தெருவில் என்னைத் தெலுங்கு மரியாதையோடு "கவுன்சிலர் காரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல்முறை கேட்டபோது திரும்பிப் பார்த்தேன். அப்புறம் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்து பயிற்சி. முதல் கவுன்சில் மீட்டிங்கிலேயே ஹால் விஷயம் வருகிறது என்று ரங்கையா துப்புக் கொடுத்திருந்தார். மீட்டிங்குக்குள் புருஷன்மார்களை விட மாட்டார்கள் என்றும் சொன்னார். அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். கிருபாவின் போனைச் சத்தம் வராமல் அதிரும்படி வைத்து, அவள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வெளியில் இருந்து மிஸ்டு கால் கொடுப்பேன். ஒரு அதிர்வு என்றால் கையைத் தூக்கு. இரண்டு என்றால் எழுந்து எதிர்ப்புச் சொல். மூன்று என்றால் உட்கார்.

"எழுந்து இன்னா சொல்லணும்?" என்று கேட்டாள்.

"தெலுங்குல சொல்லணும். 'மா வார்டுகி ஹால் அக்கர லேது'ன்னு."

"அக்கறை இல்லன்னா?"

"அந்த அக்கறை இல்ல. தெலுங்குல அக்கரன்னா தேவை. ஹாலு தேவை இல்லன்னு சொல்ற."

"அப்ப இன்னா தேவைன்னு அவுங்க கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

"கேட்டா உக்காந்துடு."

"சரிங்க."

இவள் பத்தாவது வரைக்கும் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். நானோ குடிபாலாவில் தமிழ் மீடியம். அவளுக்கு நான் தெலுங்கு சொல்லிக்கொடுக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. பயிற்சிக்காக அவளை முன் அறையில் உட்கார வைத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போனேன். போனை எடுத்து நம்பரைத் தேடுவதற்குள் அவள் எழுந்து நின்று, "மா வார்டுகி ஹால் அக்கர லேது" என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

"நான் இன்னும் அடிக்கவே இல்லையே."

"ரெண்டு தரம் அதிர்ந்துச்சுங்க."

வாங்கிப் பார்த்தேன். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸப்பில் ரெண்டு வேதவசனம் வந்திருந்தது.

"அது வசனம். என் சிக்னல் இல்ல."

"உள்ள வச்சிக்கினா எல்லாம் ஒரே மாதிரிதாங்க கீது."

அந்தக் குழுவை மீட்டிங் முடிகிற வரைக்கும் அமுக்கி வைக்கச் சொன்னேன். அந்தச் சங்கத்துக்கு அவள் செயலாளர். அங்கே மாதாமாதம் கூட்டம் நடத்தி, சண்டை போடுகிற பெண்களைச் சமாதானம் பண்ணி, பாஸ்டரிடமே கேள்வி கேட்கிறவள். அதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றாதவை நிறைய.

மீட்டிங் நாள். முனிசிபல் ஆபீஸ் வாசலில் கமிஷனரே நின்றுகொண்டிருந்தார். புதிதாக வந்தவர், கறார் பேர்வழி. "கவுன்சிலர்லு மாத்ரமே லோபலிகி" என்றார். மெம்பர்கள் மட்டும் உள்ளே. புருஷன்மார்கள் எல்லோரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினோம். வராந்தாவில் எங்களுக்கென்று ஒரு நீள பெஞ்சு. அதில் ரங்கையா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை மேல்.

"இந்த மூலை என்னுது. போன கவுன்சில் முழுக்க இங்கதான் உக்காந்தேன். நீங்க புதுசு, அந்தக் கோடிக்குப் போங்க" என்றார்.

"உள்ள நடக்கறது எப்பிடித் தெரியும்?"

"பெஞ்சு மேல ஏறினா ஜன்னல் தெரியும்."

பள்ளிக்கூடத்தில்கூட நான் பெஞ்சு மேல் நின்றதில்லை. இப்போது வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனுஷர்கள் வரிசையாக பெஞ்சு மேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். உள்ளே இருந்தவர்கள் கவுன்சிலர். வெளியே நின்றவர்கள் கவிழ்ந்த சிலர்.

ஜன்னல் வழியாக மேடையும் மெம்பர்களின் தலைகளும் தெரிந்தன. கிருபாபாய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் தீர்மானமாகத் தெருவிளக்கு வந்தது. போனை எடுத்து ஒருமுறை அழுத்தினேன். அவள் கை உயர்ந்தது. எல்லோர் கையும் உயர்ந்தது. கால்வாய் வந்தது. அழுத்தினேன். உயர்ந்தது. என் விரல் நுனியில் ஒரு முனிசிபாலிட்டியே ஆடுகிறது என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பாத்தீங்களா?" என்றேன் ரங்கையாவிடம்.

"சூஸ்தூனே உன்னா" என்றார் அவர். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். அவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அது வந்தது. பழைய சந்தைத் திடலில் கம்யூனிட்டி ஹால். சேர்பர்சன் அம்மா படித்து முடித்ததும் இரண்டு தரம் அழுத்தினேன். கிருபாபாய் எழுந்தாள்.

"மா வார்டுகி ஹால் அக்கர லேது மேடம்" என்றாள். குரல் நடுங்கவே இல்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசல் டீக்கடைப் பக்கம் திரும்பி, பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் என் கணக்கில் டீ சொன்னேன்.

"மரி ஏமி காவாலம்மா?" என்று சேர்பர்சன் அம்மா கேட்டார். அப்படியானால் என்னதான் வேண்டும் என்று.

கேட்க மாட்டார்கள் என்று நான் சொன்ன கேள்வி. மூன்று தரம் அழுத்தினேன். அவள் உட்காரவில்லை. சிக்னல் இல்லையோ என்று போனை ஜன்னலுக்குள் நீட்டி மறுபடி அழுத்தினேன். அவள் பேச ஆரம்பித்தாள்.

நல்ல தெலுங்கு. நான் மைக்கில் முழங்கிய தெலுங்கு இல்லை, சொந்தத் தெலுங்கு. வார்டில் யாருமே ஹால் கேட்கவில்லை என்றாள். கேட்டது பஸ். திடல் முழுக்க ஹால் கட்டிவிட்டால் பஸ் திரும்ப இடம் இருக்காது. ரோட்டோரமாக ஒரு மூலையை மட்டும் பஸ் ஸ்டாப்புக்கு ஒதுக்குங்கள், பக்கத்தில் பொம்பளைங்களுக்கு ஒரு டாய்லெட் கட்டுங்கள், மிச்சத் திடல் எப்போதும் போல ஊர் விசேஷத்துக்கு இருக்கட்டும். பாவர்லூமுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜுக்குப் போகிற பெண்கள், எல்லோரும் மெயின் ரோடு வரை வெயிலில் நடக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னாள். பின்வாசல் வழியாகப் போய் இவள் கேட்டுவந்த பாடெல்லாம் முன்வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது.

மற்ற பெண் மெம்பர்கள் மேஜையைத் தட்டினார்கள். ரங்கையாவின் மனைவிதான் பலமாகத் தட்டினார்.

கமிஷனர் எழுந்தார். யோசனை நல்லது என்றார். பஸ் டிப்போவில் தானே பேசியிருப்பதாகவும், பஸ் திரும்ப இடமும் ஜனங்கள் நிற்க நிழலும் இருந்தால் அனுப்புவார்கள் என்றும் சொன்னார். இடம் சரி. நிழல்தான் சிக்கல். ஷெல்டர் கட்ட டெண்டர் விட வேண்டும், நாளாகும். அதுவரை தள்ளி வைக்கலாமா என்றார்.

தள்ளி வையுங்கள் சாமி என்று நான் ஜன்னல் கம்பியிடம் வேண்டிக்கொண்டேன்.

"நிழலுக்குக் கவலை வேணாம் சார்" என்றாள் கிருபாபாய் தெலுங்கில். "எங்க வீட்டுக்காரருக்கு டென்ட் ஹவுஸ் கீது. ஷெல்டர் கட்ற வரைக்கும் அவரு ஷாமியானா போட்டு நாற்காலி போட்டுக் குடுப்பாரு. வாடகை இல்லாம."

மூன்று தரம், மூன்று தரம், மூன்று தரம். என் கட்டைவிரல் மரத்துப்போனது. உள்ளே கைதட்டல் கூரையைத் தொட்டது. தீர்மானம் நிறைவேறியது. தீர்ந்தது என் மானம்.

அட்டெண்டர் பச்சையப்பன் வெளியே வந்து, "தேவானந்தம் காரு யாருங்க? உள்ள கூப்புடறாங்க" என்றார்.

பெஞ்சு மேல் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கட்டடத்தின் சரித்திரத்தில் மீட்டிங் நடக்கும்போது உள்ளே அழைக்கப்பட்ட முதல் புருஷன் நான்தான் என்றார் ரங்கையா. கையைச் சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டு அப்போதும் அழுத்திக்கொண்டே இறங்கிப் போனேன்.

கதவுக்கு உள்பக்கம் ஒரு மேஜை. அதன் மேல் ஒரு பெரிய டீ டிரே. டிரே நிறைய செல்போன்கள். மீட்டிங்குக்குள் போன் கூடாது என்று கமிஷனர் எல்லோரிடமும் உள்ளே நுழைந்ததுமே வாங்கி வைத்துவிட்டாராம். அந்தக் குவியலில் ஒரு போன் மட்டும் விர் விர் என்று அதிர்ந்து, நகர்ந்து நகர்ந்து டிரேயின் விளிம்புக்கு வந்திருந்தது. பாக்கெட்டுக்குள் போனிலிருந்து விரலை எடுத்தேன். நின்றது.

பச்சையப்பன் அதை நடுவில் தள்ளி வைத்தார். "மீட்டிங் ஆரம்பிச்சதுலேர்ந்து யாரோ ஒருத்தன் விடாம அடிச்சிக்கினே கீறான். வேலை வெட்டி இல்லாதவன் போல" என்றார்.

எனக்குச் சால்வை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அத்தனை பெண்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"வந்து" என்றேன். "வந்து... வந்து..."

தெலுங்கில் 'வத்து' என்றால் வேண்டாம். சேர்பர்சன் அம்மா முகம் சுருங்கி, "வத்தா?" என்று கேட்டார். ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. ஆமாம் அம்மா, வத்து, ஷாமியானா தர மாட்டேன், எனக்கு ஒன்றும் வத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கிருபாபாய் எழுந்துவிட்டாள்.

"சால்வையெல்லாம் எதுக்கு, வேணாம்னு சொல்றாரு மேடம். எப்பவுமே அப்பிடித்தான், ரொம்ப அடக்கம்."

மறுபடியும் கைதட்டல். இன்னொரு சால்வையும் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை.

"கிருபா, போனு உன்கிட்ட இல்லவே இல்ல."

"இல்லீங்க. உள்ள நொழைஞ்சதுமே வாங்கிட்டாங்க."

"அப்ப ஹாலு வேணாம்னு எப்பிடி கரெக்டா எழுந்த?"

"நீங்கதானே வேணாம்னு சொல்லச் சொன்னீங்க. அதுக்கு எதுக்குங்க போனு?"

"தெருவிளக்குக்கு கையத் தூக்கினியே?"

"தெருவிளக்கு வேணும்தானே?"

"அந்த பஸ்ஸு? அந்த ஷாமியானா? அத நான் சொன்னனா?"

"நீங்க அதப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. நீங்க சொல்லாததுக்கு நான்தானே யோசிக்கணும்?" என்றாள். "துன்னுங்க, ஆறிடப் போவுது."

ஜரிகை வைத்த கல்யாண ஷாமியானாவைத்தான் போட வேண்டும் என்று அவளே நின்று பார்த்துப் போட வைத்தாள். சாவுப் பந்தலைப் போடலாம் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். "பஸ்ஸுக்கு நிக்கற பொம்பளைங்க மனசு சங்கடப்படும்" என்று சொல்லிவிட்டாள். முதல் பஸ் வந்த அன்று சந்தைத் திடலில் திருவிழாக் கூட்டம். பாவர்லூம் பெண்கள் வாழைமரம் கட்டி, டிரைவருக்கு மாலை போட்டு, ஜன்னலோர சீட்டுக்குச் சிரித்துக்கொண்டே முண்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் கை தட்டினேன். என் நாற்காலிகளைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன்.

மாதங்கள் ஓடின. ஷெல்டர் வரவில்லை. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் நான் வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஷெல்டர் பேச்சு வருகிறதா என்று காது கொடுத்தேன். கடைசியில் முனிசிபல் இன்ஜினியர் ஒரு சந்தில் மாட்டினார்.

"சார், ஷெல்டர் எப்ப கட்றீங்க?"

"எதுக்கு அவசரம்? அங்கதான் நிழல் கீதே. நிழல் இல்லாத ஸ்டாப்புங்களுக்குத்தானே முதல்ல கட்டணும்?"

"அது என் நிழலு சார்."

"ரொம்ப நல்ல நிழலுங்க அது. எங்க வீட்டம்மாகூட சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். என் ஷாமியானா, நான் கழற்றுகிறேன். கேட்டால் துவைக்கப் போட்டேன் என்று சொல்லலாம். நிழல் போய்விட்டால் முனிசிபாலிட்டி அலறிக்கொண்டு ஷெல்டர் கட்டும். கிருபாபாய் வார்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய நேரம் பார்த்துத் திடலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துத் துணியைச் சுருட்டி, நாற்காலிகளை அடுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவிவிட்டு, வெற்றி பெற்றவனாக நியூஸ் சேனலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. நாலைந்து பாவர்லூம் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

"கவுன்சிலரம்மா வீடு இதானே?" என்றார் முன்னால் வந்தவர். பெயர் கங்கம்மாள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். "டென்ட்டு இல்ல. வெயிலு மண்டையப் பொளக்குது. பஸ் வர்ற வரைக்கும் இங்க குந்திக்கறோம்."

குந்திக்கொண்டார்கள். பின்னாலேயே இன்னும் சிலர். கைக்குழந்தையோடு ஒருத்தி. ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர் ஒருவர். கோழிக்கூடை ஒன்று. சோபா நிறைந்து, தரை நிறைந்து, கடைசியில் வந்தவர்கள் என் கட்டில் மேலேயே உட்கார்ந்தார்கள். கங்கம்மாள் ரிமோட்டை எடுத்து நியூஸை மாற்றி சீரியல் போட்டார். யாரோ தண்ணீர் கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். யாரோ மோர் இருக்குமா என்றார்கள். கரைத்துக் கொடுத்தேன். கைக்குழந்தை என் சால்வை மேல் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தது.

அதற்குள் வெளியே பஸ் ஹாரன். திடலில் ஆளில்லாததைப் பார்த்து, ஜனம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு டிரைவர் பஸ்சை எங்கள் தெருவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். என் ஸ்கூட்டர் பஸ்சுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் ஏறிப் போனார்கள். நான் கதவைச் சாத்துவதற்குள் அடுத்த பஸ்சுக்கு நிற்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களோடு கிருபாபாயும் வந்தாள். அடுக்கி வைத்த நாற்காலிகளைப் பார்த்தாள். சுருட்டி வைத்த ஷாமியானாவைப் பார்த்தாள். கையில் மோர்ச் சொம்போடு நின்ற என்னையும் பார்த்தாள்.

"துவைக்கறதுக்குக் கழட்டினேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சுங்க. நிதானமாத் துவைங்க, ஒண்ணும் அவசரமில்ல. காயற வரைக்கும் ஜனங்க இங்க குந்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைப் பார்த்து, "உள்ள ஃபேன் கீது, எல்லாரும் உள்ள வாங்க" என்றாள்.

அன்று வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஷாமியானா திடலில் ஏறிவிட்டது. துவைக்காமலே.

அதற்கப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பஸ்சில் வருகிறவர்கள், போகிறவர்கள், பிச்சாட்டூர் வரைக்கும் உள்ள ஜனங்கள் எல்லாம் என் ஜரிகைப் பந்தலை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நல்லா இருக்கே, யாருது என்று விசாரித்தார்கள். கவுன்சிலரம்மாது என்று கங்கம்மாள் வகையறா சொன்னார்கள். பெண்கள் அவளிடமே தேதி பேசினார்கள். எந்த ஊர், எத்தனை நாற்காலி, ஜரிகை வைத்ததா வைக்காததா, எல்லாவற்றையும் அவளே முடித்துவிட்டு, சாப்பிடும்போது எனக்குச் சொன்னாள். வேலை தலைக்கு மேல். கூலியாட்கள் பற்றாமல் நானே கடப்பாரையைத் தூக்கினேன். பந்தா போய் பந்தல் மிஞ்சியது என்று ரங்கையா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நேற்று கிருபாபாய் மீட்டிங்குக்குப் போயிருந்தபோது பாலசமுத்திரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"மேடம் இந்த நம்பரு குடுத்தாங்க. எங்க பொண்ணு நலங்குக்கு பந்தலு. மேடம்கிட்ட எல்லாம் பேசியாச்சு."

"சந்தோஷங்க. ஓனர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றேன்.



"ஓனருன்னு யாரையும் மேடம் சொல்லலீங்களே. குழி தோண்டி கம்பு நடறவரு போன் எடுப்பாருன்னுதான் சொன்னாங்க."

மூலையில் சாத்தி வைத்திருந்த கடப்பாரையைப் பார்த்தேன்.

"அவருதாங்க பேசறேன்" என்றேன்.